நாற்பதாவது மரம் எங்கே நிற்கும்?

கேள்வி: பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகள் தொடர்வரிசையின் அடுத்த உறுப்பை உடனே சொல்லிவிடுகிறாள்; நாற்பதாவது உறுப்பைக் கேட்டால் மட்டும் ஒவ்வொரு முறையும் விடை சற்றுக் கூடிவிடுகிறது. எங்கே தவறுகிறாள்?
– ஒரு வாசகி, பொள்ளாச்சி.

பதில்: உங்கள் ஊரிலேயே இதற்கான விடை வரிசையாக நிற்கிறது. தென்னந்தோப்பு ஒன்றில் வேலியிலிருந்து 10 அடி தள்ளி முதல் மரமும், அதன்பின் 25 அடிக்கு ஒன்றாக மற்றவையும் நடப்பட்டிருப்பதாகக் கொண்டால், வேலியிலிருந்து அவற்றின் தொலைவு 10, 35, 60, 85 என்று வளரும். நாற்பதாவது மரத்துக்கு உங்கள் மகள் 40-ஐ 25-ஆல் பெருக்கி, 10-ஐக் கூட்டி, 1010 என்று எழுதுவாள் என்றே நினைக்கிறேன். ஆனால் முதல் மரத்திலிருந்து நாற்பதாவது மரம் வரை நடந்து பார்த்தால் கடக்கும் இடைவெளிகள் 39 தான்; ஆகவே 10 + 39 × 25 = 985 அடி. பாடநூல் சூத்திரத்தில் இட எண்ணிலிருந்து 1 கழிக்கப்படுவது இதனால்தான். இதை விளக்காமல் சூத்திரத்தை மனப்பாடம் செய்ய வைப்பது, என் கருத்தில், வீண் வேலை.

சுருக்கினால், இட எண்ணை 25-ஆல் பெருக்கி 15-ஐக் கழிப்பதே இவ்வரிசையின் பொது உறுப்பு. அதைத் திருப்பியும் பயன்படுத்தலாம்: 510 அடியில் மரம் உண்டா என்றால், 510-உடன் 15-ஐக் கூட்டி 25-ஆல் வகுக்க 21 வருகிறது, ஆகவே அது இருபத்தோராவது மரம், 500 அடிக்கு முழு எண் வராததால் அங்கே மரம் இல்லை.

2, 5, 10, 17 போன்றவற்றில் வித்தியாசம் 3, 5, 7 என மாறுவதால் இம்முறை செல்லாது. அங்கே இட எண்ணின் வர்க்கத்தை முதலில் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றிலும் 1 கூடியிருப்பது தானே தெரியும்.