சாதாரணக் கணினி விளையாட்டை வி.ஆர். ஹெட்செட்டில் ஆட முடியுமா?

டர்பனிலிருந்து இதைக் கேட்டிருக்கும் நண்பருக்கு: வி.ஆருக்கென, அதாவது ஹெட்செட்டைத் தலையில் அணிந்து பார்க்கும் மெய்நிகர் உலகுக்கென, உருவாக்கப்படாத பல விளையாட்டுகளையும் முப்பரிமாணமாக ஆட முடியும். ஆனால் எந்த மென்பொருள், எந்த முறை என்பதைப் பொறுத்தே அனுபவம் அமையும்.

கட்டண மென்பொருளான வோர்ப்எக்ஸ் இரு வழிகளில் ஆழத்தை உண்டாக்குகிறது. ஜியாமெட்ரி முறையில் ஒவ்வொரு காட்சியும் இடக்கண்ணுக்கு ஒருமுறை, வலக்கண்ணுக்கு ஒருமுறை என வரையப்படுவதால் ஆழம் உண்மையாகவே தெரியும். கிராஃபிக்ஸ் கார்டின் சுமையோ ஏறத்தாழ இரட்டிப்பாகும். இசட்-பஃபர் முறையோ ஒரே படத்தை வரைந்து, ஒவ்வொரு புள்ளியின் தொலைவையும் கொண்டு இரு கண்களுக்குமான காட்சியை ஊகித்து நிரப்புகிறது. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியிலுள்ள என் வீட்டில் இம்முறையில் ஆடியபோது, அருகில் தெரிந்த வேலிக்கம்பியைச் சுற்றி, கலங்கிய நீரில் பார்ப்பதுபோல, ஒரு விளிம்பு நெளிந்துகொண்டே இருந்தது.

விளையாட்டு, அன்ரியல் எஞ்சின் என்னும் விளையாட்டு உருவாக்க மென்பொருளின் 4 அல்லது 5ஆம் பதிப்பில் அமைந்ததென்றால், 2024 ஜனவரியில் வெளிவந்த யுஇவிஆர் என்னும் இலவச மென்பொருளையே முதலில் முயலுங்கள். எஞ்சினுக்குள் ஏற்கெனவே இருக்கும் இருகண் வரைவு வசதியையே அது பயன்படுத்துகிறது. வினாடிக்கு 90 படங்கள் காட்டும் (90 ஹெர்ட்ஸ்) ஹெட்செட்டில் ஒரு படத்துக்கு ஏறத்தாழ 11 மில்லிவினாடிதான் கிடைக்கும் என்பதால், நிழல்களின் தரத்தைத் தயங்காமல் குறையுங்கள். படம் தடுமாறினால் தலைசுற்றும். இணையவழிப் போட்டி விளையாட்டுகளில் மட்டும் இது வேண்டவே வேண்டாம்; ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் இதை ஊடுருவலாகக் கருதி உங்கள் கணக்கை முடக்கிவிடக்கூடும்.