அம்மா ஊற்றினால் தயிர் உறைகிறது, நான் ஊற்றினால் உறைவதில்லை. கைராசி என்பது உண்மையா?

பொய். குளிர்தான் காரணம்.

ஒரே பால், ஒரே உறைமோர், அம்மா வீட்டில் கட்டியாக வருகிறது, என்னிடம் தண்ணீராக நிற்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் சொல்லாமல் விட்டதை நானே ஊகித்துக்கொள்கிறேன். புதிதாகக் கல்யாணம் ஆகியிருக்கும், இல்லை வேலைக்காகக் குளிர் ஊருக்குப் போயிருப்பீர்கள். யாரோ "உன் கை அப்படி" என்று சொல்லியிருப்பார்கள். அந்தப் பேச்சை மூன்று மார்கழி கேட்டவள் நான். அதனால் பதில் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பிறந்த ஊர் பென்னாகரம். அங்கே தயிருக்கு யாரும் மெனக்கெட்டதே இல்லை. மோர்க் குண்டானில் ஒட்டியிருப்பதை வழித்துப் பாலில் விட்டுவிட்டுப் படுத்தால், காலையில் கரண்டி குத்திட்டு நிற்கும். 2009இல் தளிப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். 2004 வரை இரண்டும் ஒரே தருமபுரி மாவட்டம்தான். ஆனால் தளி ஏறக்குறைய 1000 மீட்டர் உயரம், வெள்ளைக்காரர்கள் காலத்திலேயே சின்ன இங்கிலாந்து என்று பேர் வாங்கிய ஊர். பனி எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை.

முதல் மார்கழியில் நாத்தனார் குடும்பத்தோடு வந்திருந்தார். இரண்டு லிட்டர் பாலுக்கு உறை ஊற்றி வைத்தேன். காலையில் தட்டைத் தூக்கினால் மேலே ஆடை மட்டும் சுருங்கிக் கிடக்கிறது, அடியில் பால் பாலாகவே இருக்கிறது. மொண்டு சாய்த்தால் லேசாக நூல் இழுக்கிறது. அத்தை எட்டிப் பார்த்தார். "உன் கைக்கு உறையாதும்மா, விடு. இனிமே நானே ஊத்தறேன்." அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். மதியத்துக்குள் பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அக்கா வேலியோரம் நின்று "மொசரு ஆகலியாமே?" என்று கேட்கிறார்.

அன்றைக்குத் தலை வார உட்கார்ந்தேன். தேங்காய் எண்ணெய் பாட்டில் மெழுகு மாதிரி வெள்ளையாக இறுகிக் கிடந்தது. எண்ணெய் உறைந்திருக்கிறது, பால் உறையவில்லை. அதைப் பார்த்தும் எனக்கு மண்டையில் ஏறவில்லை பாருங்கள்.

(மாமியாரைக் குறை சொல்ல வந்துவிட்டாள் என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். என் பிரசவத்தில் நாற்பது நாள் வெந்நீர் வைத்துக் கொடுத்தவர் அவர்தான். இதையும் அவருக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் போடுகிறேன்.)

மூன்றாவது வருஷம் சிலிண்டர் தீர்ந்து ஒரு வாரம் வரவில்லை. பின்கட்டு விறகடுப்பில் சமைத்தோம். ராத்திரி உறை ஊற்றிய குண்டானை வேறு இடமில்லாமல், விறகடுப்பை ஒட்டியிருக்கும் கொடியடுப்பு மேலேயே விட்டுவிட்டேன். காலையில் கத்தி வைத்து அறுக்கலாம் போலத் தயிர். அப்போதுதான் பழைய கணக்கு புரிந்தது. அந்த வீட்டுக்குக் கேஸ் வந்ததே எங்கள் கல்யாணத்துக்கு முந்தின மாசம். அதுவரை அத்தை வைத்த தயிரெல்லாம் அந்தச் சாம்பல் சூட்டில் உறைந்தது. அடுப்பு மாறியதும் மருமகள் வந்ததும் ஒரே சமயம், பழி எனக்கு. "நானே ஊத்தறேன்" என்ற பிறகு அந்த மார்கழியில் அவர் வைத்ததும் தண்ணீராகத்தான் இருந்தது. அதற்கு மட்டும் பாலைக் குறை சொன்னார்கள்.

நான் பால்வளம் படித்தவள் இல்லை, பிளஸ் டூதான். எனக்குத் தெரிந்தவரை, உறைமோரில் இருக்கும் பாக்டீரியா வெதுவெதுப்பான சூட்டில்தான் சுறுசுறுப்பாக வேலை பார்க்கும். அது பாலில் உள்ள சர்க்கரையைத் தின்று புளிப்பாக்கும், புளிப்பு ஏறினால் பாலின் புரதம் கூடி இறுகும். குளிரில் அது முடங்கிவிடும். தீட்டு, தூரம் என்று சொல்லி அந்த மூன்று நாள் உறைமோரைத் தொடவிடாத வீடுகள் இன்றும் இருக்கின்றன. பாக்டீரியா அதையெல்லாம் பார்ப்பதில்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்களிடம் இரண்டு மாடு. கறந்த சூட்டோடு பாலைக் கொண்டுபோய் ஊற்றும் இடத்தில் அப்படியே பாலின் அடர்த்தியை அளக்கும் லாக்டோமீட்டரை விட்டு, "டிகிரி கம்மி, தண்ணி சேர்த்திருக்கீங்க" என்று நாலு பேர் முன்னால் சொன்னார்கள். பால் சூடாக இருந்தால் அந்தக் கருவி குறைத்துத்தான் காட்டும். ஆறவைத்துப் பார்க்க வேண்டும், இல்லை சூட்டுக்கு ஏற்றபடி கணக்கைத் திருத்த வேண்டும். சொன்னால் யார் கேட்கிறார்கள்? அந்த வாரம் காசு குறைத்தது குறைத்ததுதான்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. பாக்கெட் பால் என்றால் ஆவின் ஆரஞ்சு வாங்குங்கள். அதில் கொழுப்பு 6 சதவீதம், நீலத்தில் 3தான். பொங்கியதும் இறக்காமல் சிறு தீயில் பத்து நிமிஷம் விடுங்கள், கட்டிக்கு அதுதான் பாதி காரணம். பிறகு ஆறவிட்டு சுண்டுவிரலை விட்டுப் பாருங்கள். பத்து எண்ணும்வரை சுடாமல், ஆனால் வெதுவெதுப்பு தெரிய வேண்டும். லிட்டருக்கு ஒரு ஸ்பூன் உறை, மார்கழியில் இரண்டு. ஹாட் பாக்ஸில் ஊற்றி, பழைய கம்பளியைச் சுற்றி, அரிசி டிரம்முக்குள் இறக்கிவிடுங்கள். நடுவில் திறந்து ஆட்டிப் பார்க்காதீர்கள். ஆறேழு மணி நேரத்தில் உறைந்ததும் ஃபிரிட்ஜுக்கு மாற்றாவிட்டால் புளித்துவிடும். கடைத் தயிர் சாப்பிடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அதில் பால் பவுடர் சேர்த்து இறுக்குவதும் உண்டு, அதோடு போட்டி போடாதீர்கள் என்கிறேன்.

உறைமோரே கிடைக்கவில்லையா? வெதுவெதுப்பான அரை டம்ளர் பாலில் நாலு பச்சை மிளகாய்க் காம்பைப் போட்டு மூடி வையுங்கள். முதலில் வருவது நீர்த்துத்தான் இருக்கும். அதைக் குடிக்காமல் அடுத்த பாலுக்கு உறையாக ஊற்றினால் சரியாக வரும்.

எங்கள் வீட்டில் ராத்திரி மிஞ்சிய ராகி களியைத் தண்ணீரில் போட்டு வைத்து, காலையில் இந்தத் தயிரை விட்டுப் பிசைந்து கரைப்போம். கல்லுப்பு, நசுக்கிய சின்ன வெங்காயம், தொட்டுக்கொள்ள மாங்காய். ஆடையை மட்டும் அத்தை முதலிலேயே வழித்து எடுத்துக்கொள்வார். நன்றாக வந்த நாளில் "இன்னைக்கு யாரு ஊத்துனது?" என்று ஒரு கேள்வி வேறு.