ஒரே மாதிரி இருக்கும் இரண்டு உயிர்களை எப்படி வெவ்வேறு சிற்றினம் என்கிறார்கள்?

உருவத்தை மட்டும் நம்பினால் ஏமாந்துவிடுவோம். ஐரோப்பாவில் பிப்பிஸ்ட்ரெல் என்று ஒரு குட்டி வௌவால் உண்டு. எடை சுமார் 5 கிராம்தான். நெடுங்காலம் அதை ஒரே சிற்றினம் என்றே நினைத்தார்கள். அப்புறம் அதன் ஒலியைக் கருவியில் பதிந்து பார்த்தால், சில 45 கிலோஹெர்ட்ஸ் அளவிலும், சில 55 அளவிலும் கத்தின. மரபணுவைச் சோதித்தபோதும் இரண்டும் தெளிவாகப் பிரிந்து நின்றன. ஒரே வட்டாரத்தில் பறந்தாலும் அவை பெரும்பாலும் தத்தம் கூட்டத்துக்குள்தான் இணை சேர்கின்றன. எனக்கு இதுதான் மிக வலுவான சான்றாகப் படுகிறது. உயிரியலாளர் எர்ன்ஸ்ட் மையர் 1942இல் வகுத்த இலக்கணமும் இதையே பேசுகிறது: தமக்குள் இனம்பெருக்கி, பிற கூட்டங்களோடு கலக்காமல் இருப்பதே சிற்றினம்.

ஆனால் பாக்டீரியா இணை சேர்வதில்லை, புதைபடிவமாகிப்போன உயிர்கள் இணை சேருமா என்று பார்க்கவும் வழியில்லை. அங்கே மரபணு ஒற்றுமை, எலும்பின் அமைப்பு போன்றவைதான் துணை.

பெயர் விஷயம் எளிது. ஸ்வீடன் நாட்டு அறிவியலாளர் லின்னேயஸ் வழிவந்த இரட்டைப் பெயர்: முதலில் பேரினம் (நெருங்கிய சிற்றினங்களின் தொகுதி), அடுத்து சிற்றினம். இந்த வௌவால்களில் ஒன்று பிப்பிஸ்ட்ரெல்லஸ் பிப்பிஸ்ட்ரெல்லஸ், மற்றது பிப்பிஸ்ட்ரெல்லஸ் பிக்மேயஸ். புதிய விலங்குக்குப் பெயர் வைப்பவர் அந்த விலங்கின் ஒரு மாதிரியைக் குறித்துக் காட்ட வேண்டும். அதைப் பெரும்பாலும் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கிறார்கள். பின்னாளில் சந்தேகம் வந்தால் அந்த மாதிரியோடுதான் ஒப்பிடுவார்கள்.