கரு ஒரு நபர் என்றால் வாதம் முடிந்துவிடுகிறதா?

கருக்கலைப்பு பற்றி நீங்கள் எழுதும் கட்டுரை, கருவை ஒரு நபர் என்று ஒப்புக்கொண்டதும் கருக்கலைப்பை ஆதரிக்க வழியில்லாமல் நின்றுவிட்டது என்கிறீர்கள். தத்துவ அறிஞர் ஜூடித் ஜார்விஸ் தாம்சன் 1971இல் தொடங்கியதே அந்த இடத்தில்தான். அவர் சொல்லும் கற்பனைக் கதை இது: கண்விழிக்கிறீர்கள்; சிறுநீரகம் பழுதான வயலின் கலைஞர் ஒருவரை, உங்களைக் கேட்காமலே, உங்கள் உடலோடு இணைத்திருக்கிறார்கள். ஒன்பது மாதம் பொறுத்தால் அவர் பிழைப்பார். அவருக்கு வாழும் உரிமை உண்டு, சரி. உங்கள் சிறுநீரகத்தின் மீதும் உண்டா?

வன்புணர்வால் உண்டான கருவுக்கு இந்த உவமை கச்சிதம். மற்ற நிலைகளுக்கு இழுத்தால் கொஞ்சம் கிழிகிறது என்பது என் எண்ணம், அதையும் எழுதுங்கள். எதிர்த்தரப்புக்கு, கருக்கலைப்பு தவறு என்று வாதிட்ட தத்துவ அறிஞர் டான் மார்க்விஸ் 1989இல் வைத்த வாதத்தை எடுங்கள். கரு நபரா என்ற கேள்வியையே அவர் ஒதுக்கிவிடுகிறார். கருவிடமிருந்து பறிபோகும் எதிர்காலம்தான் அவருக்குக் கணக்கு.