கறி தோசையும் பருப்புத் துவையலும்

அன்புள்ள அம்மா அவர்களுக்கு,

வணக்கம். மதுரையில் கணவருடன் வசிக்கிறேன். இருவரும் வேலைக்குப் போகிறவர்கள் என்பதால் வார நாட்களில் எங்கள் வீட்டுச் சமையல் மிக எளியது. ஒரு ரசம், ஒரு துவையல், சுட்ட அப்பளம், சில நாள் கீரை மசியல், அவ்வளவுதான். அதுவே எங்கள் இருவருக்கும் பிடித்திருக்கிறது. சனிக்கிழமை இரவுகளில் கல்லூரிக் காலத் தோழிகள் நால்வருடன் வெளியே சாப்பிடப் போவேன். பரோட்டா, கறி தோசை, கடைசியில் ஜிகர்தண்டா என்று பேசிச் சிரித்துவிட்டு வீடு திரும்புவோம். அண்மையில் வந்திருந்த உறவுக்காரப் பெரியவர் ஒருவர், "வீட்டில் அடுப்பு மூட்டச் சோம்பல், வெளியில் காசு கரைக்கத் தாராளம்" என்று சொல்லிவிட்டார். அன்று முதல் இரண்டு சாப்பாட்டிலும் ஓர் உறுத்தல் சேர்ந்துவிட்டது. அடுத்த மாதம் அந்தத் தோழிகள் முதல்முறையாக எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார்கள். என்ன சமைத்துப் போடுவது என்ற கலக்கம் இப்போதே தொடங்கிவிட்டது. தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகி, மதுரை

அன்புள்ள வாசகிக்கு,

வணக்கம். அந்தப் பெரியவர் உங்கள் சாப்பாட்டை ஒரே அளவுகோலால், அதாவது அடுப்படியில் ஒரு பெண் எத்தனை நேரம் நின்றாள் என்பதால், அளந்திருக்கிறார். உணவு எப்படி இருந்தது என்றோ, சமைத்தவர் அதை எப்படி உண்டார் என்றோ அவர் கேட்கவில்லை. அந்த இரண்டையும் கேட்டிருந்தால் உங்கள் வீட்டு ரசத்தைப் பற்றியும் சனிக்கிழமைக் கறி தோசையைப் பற்றியும் அவர் வேறு விதமாகப் பேசியிருப்பார் என்று நம்புகிறேன்.

முதலில் ரசத்தை எடுத்துக்கொள்வோம். எளிய சமையல் என்று நீங்கள் சற்றே தயக்கத்துடன் எழுதியிருக்கிறீர்கள். நல்ல ரசம் வீட்டில்தான் கிடைக்கும், அதுவும் இரண்டு மூன்று பேருக்கு வைக்கும்போதுதான் கிடைக்கும் என்பது என் உறுதியான எண்ணம். மிளகும் சீரகமும் பூண்டும் தட்டிப் போட்ட புளிக்கரைசல் கொதிக்கக் கூடாது. ஓரங்களில் நுரை கட்டி மேலெழும் நேரத்தில் இறக்கிவிட வேண்டும். ஏனென்றால் மிளகின் மணம் எளிதில் ஆவியாகிவிடுவது, கொதிக்கக் கொதிக்க அது அடுப்படிக் காற்றில் கலந்துவிடும், பாத்திரத்தில் காரமும் புளிப்பும் மட்டுமே எஞ்சும். காலையில் அண்டா நிறைய வைத்து மூன்று மணி வரை சூடு குறையாமல் வைத்திருக்க வேண்டிய உணவகத்தில் எத்தனை தேர்ந்த கை சமைத்தாலும் இந்த இழப்பைத் தடுக்க முடிவதில்லை. இறக்கிய பத்து நிமிடத்தில் சோற்றில் ஊற்றிக்கொள்ளும் உங்கள் இருவருக்குக் கிடைப்பது, பெரும் பந்திகளுக்கு எந்நாளும் கிடைக்காதது.

துவையலும் அப்படித்தான். கால் கப் துவரம்பருப்பைச் சிவக்க வறுத்து, மூன்று வற்றல் மிளகாய், இரண்டு பல் பூண்டு, கொஞ்சம் தேங்காய், உப்பு சேர்த்து, நீர் அதிகம் விடாமல் கொரகொரப்பாக அரைத்தால் முடிந்தது. அரைத்து நேரமானால் அதன் வறுத்த வாசம் அடங்கிவிடும், தேங்காய் சேர்ந்ததால் வெயில் நாளில் மாலைக்குள் கெட்டும் போகும். எனவே அதைச் சிறிதளவு அரைத்து உடனே சாப்பிட வேண்டும். கீரை மசியலும் இதே இனம்தான். மூடி வைத்தால் நிறம் மங்கும், மறுபடி சூடாக்கினால் சுவை மாறும். இந்த உணவுகள் வேலை குறைந்தவை என்பது உண்மைதான். ஆனால் நேரம் தவறாத கவனத்தை அவை கேட்கின்றன, அந்தக் கவனத்தைச் சோம்பல் என்று சொல்ல என்னால் இயலாது.

இனி சனிக்கிழமை இரவுக்கு வருகிறேன். கறி தோசையை வீட்டில் செய்து பார்க்காதவர்கள் நம் ஊரில் குறைவு, கடையில் கிடைத்ததுபோல் வந்தது என்று சொன்னவர்கள் அதைவிடக் குறைவு. காரணம் பெரும்பாலும் கல்தான். கடையில் கிடக்கும் கனத்த இரும்புக்கல் மாலையிலிருந்து அணையாத நெருப்பின் மேல் இருப்பது. மாவையும் முட்டையையும் வெந்த கறியையும் அடுத்தடுத்து அதன் மேல் போட்டாலும் அதன் சூடு தணிவதில்லை, அதனால் அடிப்பக்கம் முறுகலாகவும் மேற்பக்கம் மெத்தென்றும் வருகிறது. நம் வீட்டுத் தோசைக்கல் மெல்லியது. அத்தனையையும் தாங்குமளவு சூட்டை அதனால் தேக்கி வைத்துக்கொள்ள முடியாது. பரோட்டாவோ இன்னும் கடினமான தொழில். பிசைந்த மைதாவை எண்ணெய் தடவிச் சில மணி நேரம் ஊறவிட்டு, உருண்டையை அடித்து வீசிக் கண்ணாடிபோல் மெலிதாக்கி, மடித்துச் சுருட்டி, கல்லில் வேகவிட்டு, சுடச்சுட ஐந்தாறை அடுக்கி இரண்டு கையாலும் தட்டி அடுக்குகளைப் பிரிக்கிறார்கள். நாள்தோறும் அதையே செய்து பழகிய தோளும் மணிக்கட்டும் இருந்தால்தான் அது கைகூடும். அதனுடன் வரும் சால்னாவையும் பெரிய அளவில், நெடுநேரம் கொதிக்கவிட்டே செய்ய வேண்டும். ஜிகர்தண்டாவுக்குப் பால் சுண்டக் காய்ச்சுவதையும் கடல்பாசி தயாரிப்பதையும் இரண்டு டம்ளருக்காக வீட்டில் தொடங்குவது வீண் உழைப்பு. பெருநெருப்பும் பல கைகளும் கேட்கும் உணவை அவை இருக்கும் இடத்துக்குப் போய் உண்பதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வீட்டடுப்பைக் கடையடுப்பாக்க முயன்று ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் தொலைக்கும் குடும்பங்களை நினைத்தால்தான் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

செலவைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. வாரத்தில் ஒரு வேளை, அதுவும் ஐவரும் பகிர்ந்துகொள்வது, உங்கள் வீட்டு வரவு செலவை அறிந்தவர்கள் நீங்கள் இருவரும்தான். உடல்நலத்துக்கும் அதே பதில்: மற்ற நாட்களில் ரசமும் கீரையும் உண்பவருக்கு மைதாவைப் பற்றி நான் எச்சரிக்கை விடுக்கப் போவதில்லை.

அதைவிட முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். தோழிகள் ஐவர் ஒரே மேசையில் உட்கார்ந்து விரும்பியதை உண்ணும் அந்தச் சாதாரணக் காட்சி நம் ஊருக்கு எளிதில் வந்ததன்று. நெல்லைப் பக்கம் சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலப் பள்ளியில் பிராமணச் சிறுவர்களுக்குத் தனிப்பந்தி வைத்ததை எதிர்த்து எழுந்த கிளர்ச்சி, 1925-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தமிழக அரசியலையே திசை திருப்பியது. விடுதலைக்குப் பிறகும் உணவகங்களின் பெயர்ப்பலகையில் 'பிராமணாள்' என்ற சொல் இருந்தது. அதை நீக்கக் கோரி 1957-இல் திருவல்லிக்கேணி முரளி கபே முன் பெரியார் தொடங்கிய மறியல் பல மாதங்கள் நடந்தது, எத்தனையோ பேர் கைதானார்கள். தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை வைத்து ஒரு பகுதி மக்களை இழிவுபடுத்திய வழக்கம் அதற்குப் பின்னும் பல ஊர்களில் நீடித்தது. யார் பக்கத்தில் யார் உட்கார்ந்து உண்பது என்ற கேள்விக்காக இத்தனை பேர் அடிபட்டிருக்கும் மண்ணில், நட்பை மட்டும் பார்த்து இலையைப் பகிர்ந்துகொள்வது காசைக் கரைக்கும் பொழுதுபோக்கு என்று எப்படிச் சொல்வது?

பெண்களுக்கு இதில் இன்னொரு தடையும் இருந்தது. நான் சிறுமியாக இருந்த காலத்து உணவகங்களில் 'குடும்ப அறை' என்று திரை தொங்கும் ஒரு மூலை இருக்கும். பெண்கள் வீட்டு ஆண்களுடன் வந்து அந்தத் திரைக்குள் உண்டு போவார்கள். பெண்கள் மட்டும் சேர்ந்து வந்து, நடுக்கூடத்தில் உட்கார்ந்து, உரக்கச் சிரிப்பதை அன்று நான் கண்டதில்லை. வீட்டிலோ, என் அம்மாவும் அத்தைகளும் எல்லோரும் எழுந்த பிறகு, ஆறிய குழம்பும் அடிச்சோறுமாகத்தான் உண்டார்கள். விருந்து நாளில் அவர்களுக்குப் பசிகூட இருக்காது, புகையும் களைப்பும் அதை அடக்கியிருக்கும். ஆகவே ஒரு சாப்பாடு நல்ல சாப்பாடா என்று பார்க்க நான் வைத்திருக்கும் முதல் சோதனை, சமைத்தவரும் மற்றவர்களுடன் உட்கார்ந்து சூடாக உண்டாரா என்பதுதான். உங்கள் செவ்வாய்க்கிழமை ரசமும் சனிக்கிழமைக் கறி தோசையும் உங்கள் அளவில் அந்தச் சோதனையில் தேறுகின்றன. இதனால்தான் இரண்டும் உங்களுக்கு ஒன்றுபோல் மகிழ்ச்சி தருகின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. உங்கள் கடிதத்தில் ஒன்று மட்டும் தெரியவில்லை. வார நாட்களில் துவையலை அரைப்பது யார், பாத்திரம் கழுவுவது யார் என்று நீங்கள் எழுதவில்லை. இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் அது ஒருவர் தலையில் மட்டும் விழாதிருக்கட்டும்.

அடுத்த மாத விருந்தில் அந்தச் சோதனையைத்தான் தவறவிட்டுவிடுவீர்களோ என்று அஞ்சுகிறேன். கலங்குவதைப் பார்த்தால் எட்டு வகை சமைக்கத் திட்டமிடுகிறீர்கள் போலிருக்கிறது. தோழிகள் பரோட்டாவை உங்களுடன் எத்தனையோ முறை உண்டுவிட்டார்கள். உங்கள் வீட்டில் மட்டுமே கிடைப்பதை இன்னும் உண்ணவில்லை. எனவே நீங்கள் தினமும் உண்பதையே அவர்களுக்கும் போடுங்கள். முதல் நாளே ஒரு மிளகுக் குழம்பு வைத்துவிடலாம். நல்லெண்ணெய் தாராளமாக விட்டால் மறுநாள் அதன் சுவை கூடும். துவையலுக்குப் பருப்பைக் காலையில் வறுத்து வைத்துக்கொண்டு, அரைப்பதை மட்டும் கடைசியில் செய்யலாம். கீரை ஆய்வதை வருகிறவர்களிடமே கொடுங்கள், பேச்சோடு பேச்சாக இரண்டு கட்டு முடிந்துவிடும். அப்பளத்தை உங்கள் கணவர் சுடட்டும். இனிப்பு செய்ய வேண்டாம். சாப்பிட்டுச் சற்று ஓய்ந்த பிறகு எல்லோருமாக விளக்குத்தூண் பக்கம் போய் ஜிகர்தண்டா குடியுங்கள், இம்முறை உங்கள் கணவரையும் அழைத்துக்கொண்டு. ரசத்தை மட்டும் முன்கூட்டி வைத்துவிடாதீர்கள். அவர்கள் வந்து சேர்ந்தபின் அடுப்பில் ஏற்றி, நுரை கட்டியதும் இறக்கிவிட்டு, நீங்களும் அவர்களுடனேயே உட்கார்ந்துவிடுங்கள்.

அன்புடன்.