தள்ளாடுவது கால் மட்டுமா?

கேள்வி: எனக்கு வயது 67. பல வருடங்களாக இரவில் குடிக்கும் பழக்கம் உண்டு. கீழ் முன்பற்கள் இரண்டு ஆடுகின்றன. பல் தேய்த்தால் ரத்தம் வருகிறது. வயதானால் பல் ஆடத்தானே செய்யும்? இதற்கும் குடிப்பழக்கத்துக்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: வயது மட்டும் பல்லை ஆட்டாது. ஈற்றோரத்தில் படியும் கிருமிப் படலம் காரையாக இறுகுகிறது. ஈறு பல்லை விட்டு விலகி, வேரைப் பிடித்திருக்கும் எலும்பு கரைகிறது. கீழ் முன்பற்களின் உட்புறம் எச்சில் சுரக்கும் துளைகளுக்கு அருகில் இருப்பதால் அங்கே காரை சீக்கிரம் சேரும்.

குடி இதை விரைவுபடுத்தும். மது வாயை உலர்த்துகிறது. எச்சில் குறைந்தால் படலம் கழுவப்படாது. ரத்த அழுத்தத்துக்கும் மனச்சோர்வுக்கும் தரப்படும் சில மாத்திரைகளும் வாயை உலர்த்துபவைதான். குடியால், கிருமியோடு மோதும் வெள்ளணுக்களும் மந்தமாகின்றன. ஈரல் கெட்டிருந்தால் ரத்தம் உறைவது தாமதமாகும், கசிவு நிற்காது. இதையெல்லாம்விடச் சாதாரணமான காரணம் ஒன்று உண்டு: குடித்த இரவு பல் தேய்க்காமலே தூங்கிவிடுவது.

பல் மருத்துவரிடம் ஈற்றுப் பள்ளத்தின், அதாவது பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே உள்ள இடைவெளியின், ஆழத்தை அளக்கச் சொல்லுங்கள். 3 மி.மீ. வரை சரி. 4 அல்லது அதற்கு மேல் என்றால் பிரஷ் எட்டாது; ஈறுக்கு அடியில் வேரைச் சுத்தம் செய்ய வேண்டும். கரைந்த எலும்பு பெரும்பாலும் திரும்பாது, ஆனால் மேற்கொண்டு கரைவதை நிறுத்தலாம். ஆடும் பல்லைப் பக்கத்துப் பல்லோடு பிணைக்கவும் முடியும். அதன்பின் 3 மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. வீட்டில், பிரஷை ஈற்றோரம் 45 டிகிரி சாய்த்து 2 நிமிடம். பல்லிடுக்குக்குத் தனிச் சிறு பிரஷ். அது திணிக்காமல், அதே சமயம் உரசிக்கொண்டு நுழைய வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். ஈறு நோய்க்கு மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை கொடுத்தால், மாத்திரை சாப்பிடும் நாட்களிலும் முடித்து 3 நாள் வரையிலும் மதுவைத் தொடாதீர்கள். வாந்தி, படபடப்பு வரலாம். அதேபோல, தினமும் நிறையக் குடிப்பவர் பல் பிடுங்கப் போகிறோம் என்று திடீரென நிறுத்தவும் கூடாது. கைநடுக்கம் மட்டுமல்ல, 2 நாளுக்குள் வலிப்பே வரலாம். எவ்வளவு குடிக்கிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லிவிட்டு, மருத்துவ உதவியோடு நிறுத்துங்கள். பல் மருத்துவருக்கு அந்த அளவு தெரிய வேண்டும். கண்டிப்பதற்காக அல்ல, ரத்தக்கசிவையும் வலி மாத்திரையையும் கணக்கிடுவதற்காக.

கேள்வி: விஸ்கியால் வாய் கொப்பளித்தால் கிருமி சாகாதா?

பதில்: சாகாது. கைக்குப் போடும் ஆல்கஹால் கிருமிநாசினியில்கூட ஆல்கஹால் 60 சதவீதமாவது இருக்க வேண்டும். விஸ்கியில் சுமார் 40தான். அதற்கு மேல் இருந்தாலும் பசைபோல ஒட்டிய படலத்தை அது பெயர்க்காது, வாயின் தோல்தான் எரியும். மவுத்வாஷ் வாங்கினாலும் ஆல்கஹால் இல்லாததாகப் பாருங்கள். குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி மவுத்வாஷ் எழுதிக் கொடுத்திருந்தால் பல் தேய்த்து அரைமணி கழித்துக் கொப்பளியுங்கள். பேஸ்ட்டின் நுரைப்பொருள் அதன் வேலையைக் கெடுக்கும். மருத்துவர் சொன்ன நாளுக்கு மேல் தொடர்ந்தால் பல்லில் பழுப்புக் கறை படியும்.

கேள்வி: குடிக்கும்போது சிகரெட்டும் பிடிப்பேன். ஈற்றில் ரத்தமே வந்ததில்லை. நல்லதுதானே?

பதில்: நம்பாதீர்கள். புகை ஈற்றின் ரத்த ஓட்டத்தைக் குறைப்பதால் நோய் இருந்தும் கசிவு தெரியாது. பள்ளத்தை அளந்தால்தான் உண்மை தெரியும். மதுவும் புகையும் சேர்ந்தால் வாய்ப்புற்றுக்கான ஆபத்து பல மடங்காகும். 2 வாரத்தில் ஆறாத புண்ணோ, வெள்ளைத் திட்டோ இருந்தால் அதையும் பல் மருத்துவரிடம் உடனே காட்டுங்கள்.