சுண்டெலியின் வாலை விடுங்கள்

கேள்வி: எம்.ஃபார்ம் இரண்டாம் ஆண்டு மாணவி நான். பதற்றம் தணிக்கும் மூலிகைச் சாறு ஒன்றைச் சுண்டெலிகளில் சோதிக்கிறேன். வாலைப் பிடித்துத் தூக்கியதும் மூத்திரம் விடுகின்றன. இரண்டு முறை கடியும் வாங்கிவிட்டேன். மருந்தே கொடுக்காத கன்ட்ரோல் குழுவில்கூட எண்கள் தாறுமாறாக வருகின்றன. தடித்த கையுறை போடலாமா?

பதில்: வேண்டாம். தோல் கையுறைக்குள் இருக்கும் விரலுக்கு, எலியை எவ்வளவு இறுக்குகிறோம் என்பதே தெரியாது. சிக்கல் வாலில் இருக்கிறது. உங்களைக் குறை சொல்லவில்லை, எனக்கும் வாலைப் பிடிக்கத்தான் கற்றுக்கொடுத்தார்கள்.

லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் ஜேன் ஹர்ஸ்ட், ரெபெக்கா வெஸ்ட் இருவரும் 2010இல் வெளியிட்ட ஆய்வைப் படித்துப் பாருங்கள். வாலைப் பிடித்து எடுத்த சுண்டெலிகள் கையைக் கண்டாலே விலகின. பதற்றத்தை அளக்கும் கூட்டல் குறி வடிவ மேடையான பிளஸ் மேஸில், சுவரில்லாத திறந்த பாதைகளுக்குள் போகவும் தயங்கின. குழாயிலோ குவித்த உள்ளங்கைகளிலோ எடுத்தவை தாமாகவே கையை நெருங்கி வந்தன. நீங்கள் அளக்கப்போவதே பதற்றம். அளப்பதற்கு முன்பே அதை ஊட்டிவிட்டால் கன்ட்ரோல் எப்படிச் சரியாக வரும்?

சுமார் 5 செ.மீ. விட்டமும் 13 செ.மீ. நீளமும் உள்ள அக்ரிலிக் குழாய் போதும். உள்ளே எலி இருப்பது தெரியும் என்பதால் பிவிசியைவிட இது வசதி. கூண்டுக்கு ஒன்று என்று உள்ளேயே போட்டுவிடுங்கள். ஒரு கூண்டின் குழாயை இன்னொன்றில் வைக்காதீர்கள், அந்நிய ஆண் எலியின் வாடை சண்டையைக் கிளப்பும். எடுக்கும்போது துரத்தாமல், பின்னாலிருந்து கையால் மெல்ல அணைகட்டினால் தானே நுழையும். இரு முனைகளையும் லேசாக மறைத்துத் தூக்குங்கள். தராசில் குழாயோடு வைத்து, குழாயின் எடையைக் கழித்துக்கொள்ளலாம். பரிசோதனைக்கு முன் ஒரு வாரம் தினமும் சில விநாடி இப்படிப் பழக்கினால் நல்லது.

'ஊசி போட எப்படியும் பிடரியைப் பிடிக்கத்தானே வேண்டும்?' என்பீர்கள். பிடியுங்கள். கம்பி மூடியின் மேல் இறக்கிவிட்டு, வாலின் அடியை ஒரு கணம் நிறுத்திப் பிடிப்பதிலும் தப்பில்லை. திரும்பத் திரும்ப ஊசி போட்ட பிறகும் குழாய்ப் பழக்கத்தின் பலன் நிற்கிறது என்று பிந்தைய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வாலில் தொங்கவிடுவதுதான் கூடாது.

அப்புறம், யார் எடுத்தார்கள் என்பதையும் பதிவேட்டில் எழுதுங்கள். ஆண்களின் வாடையே எலிகளுக்கு மன அழுத்தம் தந்து, வலி உணர்வை மட்டுப்படுத்துகிறது என்று மெக்கில் பல்கலைக்கழக ஆய்வு 2014இல் காட்டியது. ஆண் போட்டுக் கழற்றிய சட்டையை அருகே வைத்தாலே போதுமாம்! ஒரு நாள் நீங்கள், மறுநாள் உங்கள் சீனியர் அண்ணன் என்று மாற்றிக்கொள்ளாதீர்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் பரிசோதனையின் நடுவே முறையை மாற்ற வேண்டாம். வழிகாட்டியிடம் பேசி, விலங்கு நெறிமுறைக் குழுவுக்குத் தெரிவித்து, அடுத்த தொகுதி எலிகளிலிருந்து தொடங்குங்கள்.

கடிபட்ட இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவினீர்கள்தானே? டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று நினைவில்லையென்றால், இன்றே மருத்துவரைப் பாருங்கள்.